இல்லை என்று சொல்லாத பகல்

நெருங்கி வாருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வரலாம். தோளோடு தோள் இடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு நீச்சல் குளத்தின் கதை சொல்லப் போகிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் ஒருவரும் நீந்தப் போவதில்லை. பிறகு என்னிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அறுபதுகளின் நடுவில், பம்பாயில் நடந்தது. உல்லாஸ்நகரில் துணிக்கடை போட்டு மேலே வந்த ஒரு சேட், செம்பூரில் பங்களா கட்டினார். கட்டினவர், பின்பக்கம் ஒரு நீச்சல் குளமும் இருக்கட்டும் என்றார். குழி தோண்டி, கான்கிரீட் போட்டு முடித்தார்கள். இனி மேல்பூச்சுதான் பாக்கி. அந்தப் பூச்சுக்காக வந்தவன் ஷேக் பரீத். தென்காசிப் பக்கத்துக்காரன், கோவண்டியில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டில் குடியிருந்தான். கூட வேலை பார்க்கிற கொத்தனார் நெல்லையப்பன், அதே சந்தில் நாலு வீடு தள்ளி. இருவரும் ஒரே சட்டியில் சாந்து எடுத்துப் பழகியவர்கள்.

ஆனால் கதை அவர்களுடையது இல்லை. பரீத்தின் மனைவி நஜ்முன்னிசாவினுடையது.

முந்தின வருஷம் வெயில் காலத்தில் பரீத் வேலை முடிந்து வரும்போது செம்பூர் ரோட்டில் சுருண்டு விழுந்துவிட்டான். வெயில் அடித்துவிட்டது. யாரோ ஒரு கைவண்டிக்காரன் வண்டியை நிறுத்தி, இவனை நிழலுக்கு இழுத்துப் போட்டு, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை இவன் தலையிலும் வாயிலும் ஊற்றியிருக்கிறான். கண் திறந்ததும் போய்விட்டானாம். பேர் தெரியாது, முகமும் சரியாக நினைவில்லை. நன்றி சொல்ல ஆள் இல்லாத நன்றி பொல்லாதது, தெரியுமா? அது நெஞ்சிலேயே கிடந்து உறுத்தும். நஜ்முன்னிசாவுக்கும் உறுத்தியது. அதனால் ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். வருகிற முஹர்ரம் பத்தாம் நாள், அதே ரோட்டில், விடிந்ததிலிருந்து அந்தியில் மக்ரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் உட்கார்ந்து தண்ணீர் கொடுப்பேன் என்று.

அதோடு விட்டிருந்தால் தண்ணீர் தீர்ந்ததும் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் வாய் அப்படி வரவில்லை. “யார் கேட்டாலும் அன்னைக்கு இல்லைன்னு சொல்ல மாட்டேன்” என்று வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். அந்தச் சொல் முறிந்துபோனால், இன்னொரு நாள் தன் புருஷன் விழும்போது எந்த வண்டியும் நிற்காது என்று அவளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. பயத்தை வெளியே சொன்னால் சிரித்துவிடுவார்கள், இல்லையா?

அந்த வருஷம் பத்தாம் நாள் சித்திரைக் கடைசியில் வந்தது. கத்திரி வெயில். காக்கை கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த நாள். கோவண்டி சந்தில் குழாய் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் பங்கிலிருந்து ஒரு குடம் நஜ்முன்னிசாவின் பீப்பாயில் ஊற்றினாள். ஊற்றாதவள் ஒருத்தி இல்லை. நெல்லையப்பன் மனைவி செண்பகவல்லி இரண்டாகவே ஊற்றிவிட்டு, “எம் புருசனும் அந்தக் குழிக்குள்ளதான வேகுதாரு மதினி” என்றாள். செண்பகவல்லியும் அங்கே சித்தாள் வேலைக்குப் போகிறவள்தான்.

பீப்பாயை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, பங்களா கேட்டுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் இறக்கிவைத்தார்கள். பக்கத்தில் ஒரு மண்பானை. நஜ்முன்னிசாவின் மடியில் வெல்லமும் சுக்கும் கட்டின ஒரு துணி. உச்சி நேரத் தொழுகைக்கு அப்புறம் வெல்லத்தைப் பீப்பாயில் கரைத்துப் பானக்கமாக்கிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். அவளும் பரீத்தும் அன்றைக்கு நோன்பு. கொடுப்பவள் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டாள்.

உள்ளே குழியில் என்ன நடந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்துப் பூச்சைப் பாதியில் நிறுத்தக் கூடாது. சுவரில் தொடங்கினால் தரை முடிகிற வரைக்கும் ஒரே மூச்சு. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்றால் இரண்டும் சேருகிற இடத்தில் தண்ணீர் கசியும். பூசினால் மட்டும் போதாது. பூசின இடத்தைச் சாக்குப் போட்டு மூடி, சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்தால் மயிர் மாதிரிக் கோடு விழும். கோடு விழுந்தால் எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு முதலிலிருந்து பூச வேண்டும்.

விடிந்தும் விடியாமலும் இறங்கிவிட்டார்கள். வெயில் ஏற ஏறக் குழி அடுப்பாகியது. நாலு பக்கமும் கான்கிரீட் சுவர், மேலே சூரியன். சாந்தை இழுத்து மட்டப்பலகையால் தேய்ப்பதற்குள் ஓரம் வெளுத்தது.

“பெத்த புள்ளைக்கு இத்தன தடவ தண்ணி குடுத்திருப்பேனாவே?” என்றான் நெல்லையப்பன், சாக்கில் தண்ணீரை விசிறிக்கொண்டே. “இந்தச் சுவரு வாயைத் தொறந்துக்கிட்டே இருக்கு.”

பரீத் சிரிக்க முயன்றான். உதடு ஒட்டிக்கொண்டது.

தண்ணீர் லாரியில்தான் வர வேண்டும். பங்களாக் கிணறு உப்பு, சிமெண்டுக்கு ஆகாது. காலையில் வந்த லாரித் தண்ணீர் தொட்டியில் அடி தட்டியது. அடுத்த லாரி இன்னும் வரவில்லை. கணேசபாண்டியன் மேஸ்திரி குழி விளிம்பில் நின்று கத்தினார்.

“ஏய் பரீத், எங்கவே லாரி?”

“வந்துரும் மேஸ்திரி. நான்தான சொல்லி வச்சிருக்கேன். குர்லாக்காரன். நம்ம ஆளு.”

நெல்லையப்பன் கையை நிறுத்தினான். “நம்ம ஆளுன்னா? உங்க ஆளா?”

“ஆமா.”

“ஏம் பாய், இன்னைக்குப் பத்து. தாபூத்து ஊர்வலம்லா? அவன் அங்க கொட்டு அடிச்சுக்கிட்டு நிப்பானா, உமக்குத் தண்ணி கொண்டு வருவானா?”

பரீத் பூச்சுக் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். விடியற்காலையில் எழுந்து நோன்பு வைத்தவன், மனைவியின் பீப்பாயைத் தன் கையால் மரத்தடியில் இறக்கியவன், பத்தாம் நாள் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டான். லாரிக்காரனுக்கும் அதே பத்துதான் என்பது தோன்றவில்லை. மற்றவர்கள், இவனே முஸ்லிம், இவனுக்குத் தெரியாததா என்று கேட்காமல் விட்டுவிட்டார்கள். நல்ல வேடிக்கை! ஆனால் அங்கே ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தரைப் பூச்சு அப்போதுதான் முடிகிற தறுவாய். சுவர்ச் சாக்குகள் ஓரத்தில் விறைக்கத் தொடங்கியிருந்தன.

வெளியே மரத்தடியில் நஜ்முன்னிசா வெல்லத் துணியை அவிழ்த்திருந்தாள். காலையிலிருந்து பால்காரர்கள், மீன்காரிகள், காய்கறிக்காரர், தெருவில் விளையாடும் பிள்ளைகள் என்று பலர் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பீப்பாயில் முக்காலுக்கு மேல் இருந்தது. மனசு நிறைந்திருந்தது அவளுக்கு. அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு பரீத் வந்தான். இரண்டு கையிலும் வெறும் வாளி.

அவன் வாளியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். “என்னங்க?”

“லாரி வரல நஜ்மு.”

“அதுக்கு?”

அவன் பீப்பாயைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான்.

“இது தாகத்துக்கு உள்ள தண்ணி” என்றாள் அவள். “நம்ம தண்ணியும் இல்ல. சந்துல ஒவ்வொருத்தியும் அவ புள்ள குடிக்கிறதுல கொறச்சு ஊத்துனது. அதைக் கொண்டுபோய் சேட்டு குளத்துச் சுவருல ஊத்தவா?”

பின்னாலேயே வந்த நெல்லையப்பன் தொண்டையைச் செருமினான். “வேகமா சொல்லிருங்க தங்கச்சி. அந்த வெல்லத்தப் போட்டுட்டீங்கன்னா அப்புறம் கேக்கவே முடியாது. இனிப்பு பட்டா சிமெண்டு இறுகாது.”

அப்போதுதான் அவளுக்கு அது தெரிந்தது. கையில் வெல்லக்கட்டி. கீழே பீப்பாய். விரலைத் திறந்தால் போதும். தண்ணீர் பானக்கமாகிவிடும். பிறகு அது மனுஷருக்கு மட்டும்தான். அவள் யாருக்கும் இல்லை என்று சொன்னதாகவும் ஆகாது. வழக்கப்படி வெல்லம் கரைத்தாள், அவ்வளவுதான். கேட்கிறதற்கு முன்னாலேயே கேள்வியைக் கரைத்துவிடலாம்.

என் கண்ணுகளா, நாமும் இப்படித்தானே செய்கிறோம்? ஒருவர் கேட்கப் போகிறார் என்று தெரிந்தால், அவர் வாயைத் திறப்பதற்குள் வேறு பேச்சு எடுத்துவிடுகிறோம். பிறகு, அவர் கேட்கவே இல்லையே என்று சொல்லிக்கொள்கிறோம்.

நஜ்முன்னிசா விரலை இறுக்கிக்கொண்டாள். “ஏங்க, நீங்க கேக்கீங்களா, இல்ல அந்தச் சுவரு கேக்குதா?”

பரீத் நிமிர்ந்தான். முகம் முழுக்கச் சிமெண்டு. கண் மட்டும் சிவந்து தெரிந்தது. “சுவருக்கு வாய் இல்ல. நான்தான் கேக்கேன்.”

சொந்தப் புருஷனுக்குக் கொடுப்பது தானமா, பட்சபாதமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவள் நேர்ந்தது ‘தாகமுள்ளவர் கேட்டால்’ என்று இல்லை. ‘யார் கேட்டாலும்’ என்றுதான். அந்த ‘யார்’ என்பதற்குள் யார் யார் வந்து நிற்பார்கள் என்று நேரும்போது அவளுக்குத் தெரியவில்லை.

வெல்லத்தைத் துணியில் போட்டு முடிச்சிட்டு மடியில் வைத்தாள். “எடுத்துக்கிடுங்க.”

“ஒரு பானை விட்டுட்டுப் போறேன்.”

“விடுங்க. அதுவும் நீங்களா விடுறது. நான் சொல்லல.”

வாளி வாளியாகப் போயிற்று. செண்பகவல்லியும் வந்து சுமந்தாள். பீப்பாயை அடி தெரிய வழித்து எடுத்தார்கள். குழிக்குள் சாக்கு நனைகிற சத்தம் மரத்தடி வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மிச்சம் ஒரு மண்பானை. பொழுதோ மலை மாதிரி முன்னால் கிடந்தது. அவள் ஒரு தந்திரம் செய்தாள். வருகிறவருக்கு முதலில் ஒரு துண்டு வெல்லம், பிறகு அரை டம்ளர். அப்படியும் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னாலேயே பானை காலியாகிவிட்டது.

சொல்லிவைத்த மாதிரி அப்போதுதான் ஒரு கைவண்டி வந்தது. இரும்புக் கம்பி ஏற்றின வண்டி. முன்னால் ஒருவன் இழுக்க, பின்னால் ஒருவன் தள்ள, இருவர் உடம்பும் எண்ணெய் பூசினது போல மின்னியது. முன்னவன் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இந்தியில் தண்ணீர் கேட்டான்.

“பானி மிலேகா, பெஹன்?”

நஜ்முன்னிசாவின் நாக்கு நுனிக்கு அந்தச் சொல் வந்துவிட்டது. பல்லைக் கடித்தாள்.

“மிலேகா, கிடைக்கும். பைட்டோ. நிழல்ல உக்காருங்க. இதோ வந்துட்டேன்.”

வெல்லத்தைக் கையில் கொடுத்து இருவரையும் உட்காரவைத்துவிட்டு, பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினாள்.

நஜ்முன்னிசா வாழ்நாளில் யாரிடமும் ஒன்றும் கேட்டவள் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு கை உப்புக் கேட்கவே கூசுகிறவள். அந்த வீட்டுக் கதவைத் திறந்தவள் சொர்ணம்மாள்; கணவருக்கு ஆபீஸ் வேலை, தமிழ்க் குடும்பம். தமிழ் என்றதும் நஜ்முன்னிசாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“அம்மா, ஒரு பானை தண்ணி தருவீங்களா? வழிப்போக்கர் தாகத்துக்கு.”

சொர்ணம்மாள் ரோட்டைப் பார்த்தாள், மரத்தடியைப் பார்த்தாள், பங்களா கேட்டைப் பார்த்தாள். “நீ அந்தக் குளத்து வேலைக்காரங்க வீட்டம்மாதானே? நானும் மாடியிலேருந்து பாத்துண்டுதான் இருந்தேன். பீப்பாய் நிறைய இருந்ததே, எங்க போச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். “குளத்துக்குக் குடுத்துட்டேம்மா” என்றாள் நஜ்முன்னிசா.

“ரொம்ப நன்னாயிருக்கே! சேட்டு குளம் குடிக்கும், அதுக்கு ஈடு நாங்க ஊத்தணுமா?”

“குளத்துக்குக் கேக்கலம்மா. மனுசங்களுக்குக் கேக்கேன்.”

“இல்லைம்மா. எங்களுக்கே இல்லை.”

கதவு மூடியது. மூடுவதற்கு முன் சமையலறை மூலையில் இருந்த பித்தளைக் குடம் நஜ்முன்னிசாவின் கண்ணில் பட்டது. உள்ளே கையளவுதான் பளபளத்தது. அந்த அம்மாளும் பொய் சொல்லவில்லை.

அவள் படியில் நின்றாள். தலையில் வெயில், இடுப்பில் வெறும் பானை. ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்டதும் செத்துவிடுவோம் என்று அவள் நினைத்திருந்தாள். சாகவில்லை. காது கொஞ்சம் சுட்டது, அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அங்கே ஆள் இல்லை. அதற்கடுத்த வீட்டு வாசலில் ஒரு கூர்க்கா ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தான். அவள் பானையைக் காட்டினாள். அவன் எதற்கு, யாருக்கு என்று கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் கூஜாவைக் கொண்டுவந்து அப்படியே கவிழ்த்தான். அவனுக்குச் சலாம் வைப்பதா, கும்பிடுவதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் அரைகுறையாகச் செய்துவிட்டு ஓடினாள்.

கைவண்டிக்காரர்கள் வெல்லத்தைச் சப்பிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். குடித்தார்கள். போனார்கள். பின்னாலேயே வேறு யாரோ வந்தார்கள். “உக்காருங்க, இதோ வந்துட்டேன்.” மறுபடி ஓட்டம். ஒரு வீட்டில் கால் பானை. ஒரு வீட்டில் திட்டு. சிந்திக்காரர் வீட்டுச் சமையல்காரி ஒரு குடம் முழுக்க ஊற்றி, அது போதாதென்று தலையில் வைக்கச் சும்மாட்டுத் துணியும் கொடுத்தாள்.

கலவைச் சட்டி கழுவ வெளியே வந்த செண்பகவல்லி இந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “என்ன மதினி, தர்மம் பண்ண வந்தியளா, பிச்சை எடுக்க வந்தியளா?”

“ரெண்டும் ஒண்ணுதான் போலிருக்கு தாயி. இன்னைக்குத்தான் தெரியுது.”

“நாக்கு வறண்டு கிடக்கு உங்களுக்கு. ஒரு வாய் நனைச்சா என்னா?”

“போடி, நோன்புக்காரி கிட்ட வந்து பேசுத பேச்சப் பாரு.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். மரத்தடியில் உட்கார்ந்து கொடுத்தபோது இருந்த மன நிறைவு இப்போது இல்லை. அதற்குப் பதில் வேறு ஒன்று இருந்தது. கொடுப்பவள் நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்பவர் வெயிலில் நிற்கிறார். காலையில் தன் முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கூச்சத்தை விழுங்கிக்கொண்டுதான் கை நீட்டியிருக்கிறார்கள். அவள் டம்ளரைத்தான் கவனித்தாள். அவர்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் டம்ளரை நீட்டினாள். போன வருஷத்துக் கைவண்டிக்காரன் அவள் புருஷனுக்குச் செய்ததும் அதுதானே? விழுந்து கிடந்தவன் எங்கே கேட்டான்? கேட்க வைக்காமலே ஊற்றினான்.

ஒரு தரம் பரீத் கேட்டுக்கு வந்து, அவள் வெறுங்காலோடு தார் ரோட்டைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டான். முகம் கறுத்துவிட்டது. “நஜ்மு, என்னாலதான...”

“அங்க போய் உங்க சாக்கப் பாருங்க. காஞ்சிறாம” என்றாள். நிற்கவில்லை.

பொழுது சாய்ந்தது. வெயிலின் நிறம் மாறியது. கடைசிப் பானையின் கடைசி டம்ளரை ஒரு பலூன்காரர் குடித்தார். அதற்குப் பிறகு ரோட்டில் ஆள் வரும்போதெல்லாம் அவள் வெறும் பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து ஓட இனிக் காலில் தெம்பு இல்லை. ஒரு சைக்கிள் வந்தது, நிற்காமல் போனது. இருவர் பேசிக்கொண்டே வந்தார்கள், மரத்தடியைப் பார்த்தார்கள், பேச்சு சுவாரசியத்தில் கடந்து போனார்கள். நஜ்முன்னிசா கண்ணை மூடிக்கொண்டாள்.

தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து மக்ரிப் பாங்கு கேட்டது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. முழுக்கக் கேட்டாள். கடைசிச் சொல் தேயும் வரைக்கும் கேட்டாள்.

உள்ளே பீப்பாய்த் தண்ணீர் அந்தி வரைக்கும் தாங்கியிருந்தது. நெல்லையப்பன் ஒரு மூலைச் சாக்கைத் தூக்கி, விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்த்தான். சாய்வு வெளிச்சத்தில் தலையைப் படுக்கவைத்துப் பார்த்தான். “ஒரு கோடு இல்லவே பாய்!” என்று அவன் கத்தியது ரோட்டுக்குக் கேட்டது.

பரீத் வெளியே வந்தான். முழங்கை வரைக்கும் சிமெண்டு காய்ந்து இன்னொரு தோலாகியிருந்தது. மரத்தடியில் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். செருமிக்கொண்டு கேட்டான்.

“நோன்பு தொறக்க ஒரு வாய் தண்ணி இருக்கா நஜ்மு?”

நஜ்முன்னிசா பானையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். “இல்ல.”

சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் விழித்தான்.

“என்ன சொன்ன?”

“இல்லைன்னு சொன்னேன். பாங்கு சொல்லியாச்சு. பத்து முடிஞ்சு போச்சு. இல்ல, இல்ல, இல்ல! ஒரு சொட்டு இல்ல!”

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி அவள் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. காய்ந்த உதடு வெடித்து இரத்தம் எட்டிப் பார்த்தது. முந்தானை முடிச்சிலிருந்த ஒற்றைப் பேரீச்சம்பழத்தை அவள் இரண்டாகக் கிள்ளினாள். பிஸ்மி சொல்லி ஆளுக்குப் பாதி வாயில் போட்டுக்கொண்டு, பள்ளிவாசல் குழாயைத் தேடி இருவரும் நடந்தார்கள். வழியில் யாராவது கேட்டால் இனிமேல் இல்லை என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருப்பாளா என்பது எனக்குத் தெரியாது.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. எழுந்து வீட்டுக்குப் போங்கள், நேரமாயிற்று. உங்கள் வீட்டு வாசலில் கேட்டு நிற்பவருக்குக் கூச்சம் இல்லாமல் இருக்கட்டும். நீங்கள் கேட்டு நிற்கும் வாசலில் ஒரு தூங்குமூஞ்சிக் கூர்க்காவாவது இருக்கட்டும். உங்கள் வீட்டு ஆண்களும் பெண்களும் வெயிலில் போன பிறகு, அந்தியில் சிரித்த முகமாய்த் திரும்பி வரட்டும். அவர்கள் வருகிறபோது உங்கள் வீட்டு அடுப்பும் பானையும் நிறைந்திருக்கட்டும்.